அரசு ஊழியர் பணிப் பாகுபாட்டு முறையீடுகளுக்கான காலவரம்பு

அரசு ஊழியர் பணிப் பாகுபாட்டு முறையீடுகளுக்கான காலவரம்பு என்பது, பதவி உயர்வு, பணிமூப்பு, ஊதியம், தண்டனை முதலியவற்றில் தாம் பாகுபாட்டுடன் நடத்தப்பட்டதாகக் கருதும் அரசு ஊழியர் ஒருவர் மேலதிகாரியிடமோ தீர்ப்பாயத்திடமோ நீதிமன்றத்திடமோ முறையிடுவதற்கு உரிய கால எல்லையாகும். அரசுப் பணியில் சம வாய்ப்பு என்பதை இந்திய அரசியலமைப்பின் 14, 16 ஆம் உறுப்புகள் அடிப்படை உரிமையாக்கியுள்ளன. ஆயினும் அவ்வுரிமையை எப்போது வேண்டுமானாலும் கோரலாம் என்பதில்லை. முறையீட்டில் நியாயம் உள்ளதா என்று பார்க்கப்படும் முன்பே, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடியான பணி வழக்குகள் பல.

துறைக்குள் மேல்முறையீடு

முதல் படி துறைக்குள்ளேயே உள்ளது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1965 ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகள் பொருந்தும். இவற்றின் 25 ஆம் விதிப்படி, ஆணையின் நகல் கையில் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் இக்காலம் இரண்டு மாதங்கள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் மேல்முறையீட்டு அலுவலருக்கு உண்டு.

பணிமூப்பு குறித்த குறைகள் வேறு வகை. தமிழ்நாடு அரசு ஊழியர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம், 2016 இன்படி, பணிமூப்பைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தை மூன்று ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும்.

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்

நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம், 1985 இன்கீழ் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் 1985 நவம்பர் 1 அன்று நிறுவப்பட்டது. இதன் சென்னை அமர்வு தமிழகத்திலுள்ள மத்திய அரசு ஊழியர்களின் வழக்குகளை விசாரிக்கிறது. சட்டத்தின் 20 ஆம் பிரிவு, துறைக்குள் உள்ள வழிகளை முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. 21 ஆம் பிரிவு காலவரம்பை வகுக்கிறது. மேல்முறையீட்டின் மீது இறுதி ஆணை வந்திருந்தால் அந்நாளிலிருந்து ஓராண்டு. ஆணை ஏதும் வராமல் ஆறு மாதங்கள் கழிந்தால், அந்த ஆறு மாதங்கள் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு.

எடுத்துக்காட்டாக, 2024 சனவரி 10 அன்று மேல்முறையீடு அளித்தவருக்குப் பதிலே வரவில்லை எனக் கொள்வோம். ஆறு மாதங்கள் சூலை 10 அன்று முடிகின்றன. அவர் 2025 சூலை 10 வரை தீர்ப்பாயத்தை அணுகலாம். துறையின் மௌனம் காலக்கெடுவை நிறுத்தி வைப்பதில்லை என்பதே இங்குப் பலரும் தவறவிடும் செய்தி. "கோப்பு நிலுவையில் உள்ளது" என்ற வாய்மொழிப் பதிலை நம்பிக் காத்திருப்பவரின் காலம் கரைந்துகொண்டே இருக்கும்.

தாமதத்திற்குப் போதிய காரணம் இருந்ததாகத் தீர்ப்பாயம் நிறைவடைந்தால் மனுவை ஏற்கலாம். ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். எதிர்த் தரப்பு காலதாமதத்தைச் சுட்டாவிட்டாலும் தீர்ப்பாயமே அதனைக் கவனிக்கக் கடமைப்பட்டது என உச்ச நீதிமன்றம் 2011 இல் கூறியது.

மாநில அரசு ஊழியர்கள்

தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் 1988 முதல் 2006 வரை இயங்கியது. அது கலைக்கப்பட்ட பின் மாநில ஊழியர்களின் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு வந்தன. எனவே கொட்டிவாக்கத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கும் இருவருள், மத்திய அரசு அலுவலகத்தில் பணிபுரிபவர் ஓராண்டுக் கெடுவுக்கு உட்பட்டுத் தீர்ப்பாயத்திற்கும், மாநில அரசுத் துறையில் பணிபுரிபவர் 226 ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை கோரி உயர் நீதிமன்றத்திற்கும் செல்ல வேண்டியிருக்கும்.

நீதிப்பேராணை மனுவுக்குச் சட்டத்தில் எழுதப்பட்ட காலவரம்பு இல்லை. இது சலுகைபோலத் தோன்றினாலும் நடைமுறையில் அவ்வாறன்று. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த பி. எஸ். சதாசிவசாமி வழக்கு இதற்குச் சான்று. இளையவர்களுக்கு விதி தளர்த்தப்பட்டுப் பதவி உயர்வு கிடைத்தது 1957 இல். மனுதாரர் நீதிமன்றம் வந்ததோ 1971 இல். இளையவர் தம்மைத் தாண்டி உயர்த்தப்பட்டதாகக் குறைகூறுபவர் ஆறு மாதங்களுக்குள், மிஞ்சினால் ஓராண்டுக்குள் வர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1974 இல் கூறி மனுவை ஏற்க மறுத்தது. இடைப்பட்ட காலத்தில் பிறர் பெற்ற பதவிகளைக் கலைப்பது நேர்மையாகாது என்பதே இக்கொள்கையின் அடிப்படை. எழுதப்படாத இந்த எல்லை இன்றும் பணி வழக்குகளில் எடுத்தாளப்படுகிறது.

மீண்டும் மீண்டும் மனு அளித்தல்

நினைவூட்டல் மனுக்களை அனுப்பிக்கொண்டே இருப்பதால் காலவரம்பு நீளாது. சட்டத்தில் இடமில்லாத மனுக்கள் கெடுவை நீட்டிக்கா என எஸ். எஸ். ரத்தோர் வழக்கில் (1989) ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்த்தது. பழைய கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு நீதிமன்றத்திடம் ஓர் ஆணை பெற்று, அதன்மீது துறை அளிக்கும் மறுப்பைப் புதிய தொடக்கமாகக் காட்டும் வழக்கமும் இருந்தது. தமிழ்நாடு நிலவியல் மற்றும் சுரங்கத் துறையில் 1982 இல் பணியிழந்த ஒருவரின் வழக்கில், 2008 இல் உச்ச நீதிமன்றம் இவ்வழியையும் அடைத்தது.

தொடரும் தவறு

இதற்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. தவறான ஊதியமோ ஓய்வூதியமோ மாதந்தோறும் வழங்கப்படுமாயின், ஒவ்வொரு மாதமும் குறை புதிதாகத் தோன்றுகிறது. 2008 ஆம் ஆண்டின் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியது. அத்தகைய வழக்கைத் தாமதமாகவும் தொடரலாம். எனினும் நிலுவைத் தொகை பொதுவாக மனு அளிப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும். பதவி உயர்வும் பணிமூப்பும் பிறரைப் பாதிப்பதால் இவ்விலக்கில் அடங்கா.

தனிச் சட்டங்கள்

பணியிடப் பாலியல் தொல்லையைச் சமத்துவ உரிமை மீறலாகக் கருதும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், நிகழ்விலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்கச் சொல்கிறது. நிகழ்வுகள் தொடர்ந்திருந்தால் கடைசி நிகழ்விலிருந்து கணக்கு தொடங்கும். குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். பரிந்துரையை எதிர்த்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கெடுவை மறுபக்கம் திருப்புகிறது. அரசு அலுவலகங்களில் பாகுபாடு குறித்து வரும் புகாரை, பதிவான இரண்டு வாரங்களுக்குள் குறைதீர் அலுவலர் விசாரிக்க வேண்டும்.

பிற நாடுகளில்

அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களுக்கான காலம் இந்தியாவைவிட மிகக் குறுகியது. பாகுபாடு நிகழ்ந்த 45 நாட்களுக்குள் தம் துறையின் சம வாய்ப்பு ஆலோசகரை அணுக வேண்டும். ஆலோசனை பயனளிக்காதபோது, அதற்கான அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் முறையான புகார் அளிக்க வேண்டும். துறையின் இறுதி முடிவை எதிர்த்துச் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் உண்டு.