தாயாங் தீவுக்கு வெள்ளிக்கிழமைப் படகு

சிங்கப்பூரில் முக்குளிப்புப் பழகுகிறவர்கள், முதல் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே கடப்பிதழைத் தேடுகிறார்கள். இங்கே கடல் இல்லாமலில்லை. புலாவ் ஹந்துவில் பவளமும் உண்டு, கடல்குதிரையும் உண்டு. ஆனால் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாட்டை, 1960-களிலிருந்து கடலைத் தூர்த்துத் தூர்த்து 700-க்கு மேல் ஆக்கியிருக்கிறோம். அதில் கலங்கிய கடல் இன்னும் தெளியவில்லை. மோசமான நாளில் முன்னால் நீந்துகிறவரின் துடுப்புகூடக் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் எல்லை தாண்ட வேண்டும். சனி, ஞாயிறு இரண்டே நாள்தான் விடுமுறை. இந்த இரண்டு காரணங்களில் பிறந்ததுதான் எங்கள் ஊரின் வெள்ளிக்கிழமைப் படகு.

அதற்கு இரண்டு வழி. வேலை முடிந்ததும் மூட்டையோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு ஓடி, கடற்பாலம் தாண்டி, ஜோகூர் பாருவிலிருந்து மெர்சிங் வரை 130 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய், நடுராத்திரியில் தாயாங், ஆவுர் தீவுகளுக்குப் படகேறுவது ஒன்று. சிங்கப்பூரிலேயே தங்கு படகில் ஏறி, கடப்பிதழைப் படகுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, எந்திர இரைச்சலிலேயே தூங்கி, விடியும்போது தியோமான் பக்கம் கண்விழிப்பது மற்றொன்று. சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரஸர், சாப்பாடு, படுக்கை எல்லாம் அந்தப் படகிலேயே. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவமழை. அப்போது யாரும் போவதில்லை.

ஒவ்வொரு பருவத்திலும் இப்படியொரு பயணத்துக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. பட்டியல் போடும்போது இளசுகள் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான்: "அக்கா, ஞாயிறு ராத்திரிக்குள்ள வந்துடலாமா? சுறா பாக்கலாமா?" வந்துவிடலாம், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் அவர்களுக்கு ஒரு டச்சு மாலுமியின் கதையைச் சொல்கிறேன். தாயாங் தீவுக்கு நாம் போவதற்கு வெகுகாலம் முன்பே, படகும் சிலிண்டரும் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தவர் அவர்.

1941 டிசம்பர். ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. தியோமானுக்கும் அனம்பாஸ் தீவுகளுக்கும் இடையிலுள்ள கடலில், போர் தொடங்குவதற்கு முன்பே, டிசம்பர் 6-ஆம் தேதி இரவு, டட்சுமியா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் 456 கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும் கப்பல்களின் வழக்கமான வழி அது.

ஓ-16 என்பது டச்சு நீர்மூழ்கிக் கப்பல். அதன் தலைவர் புஸ்ஸமாக்கர். தாய்லாந்தின் பட்டாணிக் கடலில், நீர்மூழ்கி நுழையத் தயங்கும் ஆழமற்ற தண்ணீரில் புகுந்து, நங்கூரமிட்டிருந்த ஜப்பானியத் துருப்புக் கப்பல்களைத் தாக்கிவிட்டு சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டிசம்பர் 15, விடியற்காலை இரண்டரை மணி. இருட்டு என்பதால் நீருக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. கண்ணிவெடியில் மோதியதும் கப்பல் இரண்டாக முறிந்து ஒரு நிமிடம்கூட ஆகாமல் மூழ்கிப்போனது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழியில்லை. மேலே காவலுக்கு நின்ற சிலர் மட்டும் கடலில் விழுந்தார்கள்.

அவர்கள் கூடி நீந்தினார்கள். கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. பகல் முழுக்க வெயில், பிறகு இன்னோர் இரவு. ஒருவர் பின் ஒருவராக அமிழ்ந்துபோனார்கள். கடைசியில் மிஞ்சியவர் கொர்னேலிஸ் டி வொல்ஃப் ஒருவர் மட்டுமே. ஏறத்தாழ 35 மணி நேரம் தண்ணீரில் கிடந்த அவர் கரையேறிய இடம்தான் தாயாங் தீவு. தீவுக்காரர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்து சொன்னதால்தான் மற்ற 41 பேரின் முடிவு உலகத்துக்குத் தெரிந்தது. அவர்கள் போய் ஒரு வாரம்கூட ஆகாமல், டிசம்பர் 21 அன்று, கே-17 என்ற இன்னொரு டச்சு நீர்மூழ்கியும் அதே வெடிவயலில் சிக்கி 36 பேரோடு போயிற்று. அதில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

தாயாங்கில் இறங்குகிற பிள்ளைகள் பலருக்கும் இது தெரியாது. தீவு சின்னது. கரையிலிருந்து ஏழெட்டு எட்டு வைத்தாலே காலடியில் பவளம் தொடங்கிவிடும். எதிரே ஆவுர் தீவின் மலை. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் அடியோட்டத்தோடு இழுக்கும். முதல் முக்குளிப்பிலேயே மூச்சு வாங்கி மேலே வருகிறவர்களை அந்த நீரோட்டத்தைச் சற்று நேரம் பார்க்கச் சொல்வேன். மிதவை உடுப்பும் துடுப்பும் போட்டுக்கொண்டே நம்மால் அரை மணி நேரம் தாங்க முடியாத இழுப்பு அது. அந்த மனிதர் எதுவும் இல்லாமல் ஏறத்தாழ ஒன்றரை நாள் கடந்து இங்கே வந்தார்.

இன்னும் வடக்கே, குவாந்தான் கரையிலிருந்து தொலைவில் இரண்டு பெரிய கப்பல்கள் கிடக்கின்றன. இந்த இடத்தில் என் குடும்பக் கதை கொஞ்சம் வரும். நான் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவள். இன்று கப்பல் பழுதுபார்க்கிற இடமாக இருப்பது அன்றைக்குப் பிரிட்டிஷ் கடற்படைத் தளம். 1938-இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை அங்கேதான் இருக்கிறது. தமிழர்களும் மலையாளிகளுமாக ஏராளமானோர் அந்தத் தளத்தில் உழைத்தார்கள். என் தாத்தா அங்கே கப்பல் உடம்பில் துரு சுரண்டிச் சாயம் அடித்தவர். 1941 டிசம்பர் 2-ஆம் தேதி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பல் வந்து நின்றதைப் பற்றி வீட்டில் அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாதாம். அதோடு ஜோடியாக வந்தது 'ரிபல்ஸ்'. இந்தக் கப்பல்கள் இருக்கும்வரை சிங்கப்பூரை எவன் தொடுவான் என்றுதான் தளம் முழுக்கப் பேச்சு.

டிசம்பர் 8 மாலை, நான்கு நாசகாரிக் கப்பல்கள் துணைவர, இரண்டும் புறப்பட்டன. தளபதி டாம் ஃபிலிப்ஸ் வெடிவயலுக்குப் பயந்து அனம்பாஸ் தீவுகளுக்குக் கிழக்கே சுற்றிக்கொண்டு வடக்கே போனார். மறுநாள் ஜப்பானியர் கண்ணில் பட்டுவிட்டதும் திரும்பினார். நள்ளிரவில் குவாந்தானில் எதிரி இறங்குவதாகச் செய்தி வந்தது. அது பொய்ச்செய்தி. அதை நம்பிக் கரைப்பக்கம் திருப்பியதில் 10-ஆம் தேதி காலை கப்பல்கள் விமானங்களிடம் அகப்பட்டன. இந்தோசீனாவிலிருந்து அலையலையாக வந்த ஜப்பானிய விமானங்கள் டார்பிடோக்களை வீசின. பிற்பகல் 12.33-க்கு ரிபல்ஸ் போனது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் கவிழ்ந்தது. 840 பேர் இறந்தார்கள், தளபதி ஃபிலிப்ஸ் உட்பட. செம்பவாங்கிலிருந்து பறந்த போர்விமானங்கள் வந்து சேர்ந்தபோது தண்ணீரில் எண்ணெயும் தத்தளிக்கும் மனிதர்களும்தான் மிஞ்சியிருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாசகாரிகள் வாரியெடுத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தன. அவர்களில் பலர் இரண்டே மாதத்தில் ஜப்பானியரின் கைதிகளானார்கள்.

ரிபல்ஸ் சுமார் 55 மீட்டர் ஆழத்திலும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 68 மீட்டரிலும் கிடக்கின்றன. சாதாரண முக்குளிப்புக்கு 40 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே வெறும் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் தலையைக் கிறங்கடிக்கும். ஹீலியம் கலந்த வாயு வேண்டும், அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். அடியில் கழிக்கும் நேரம் கொஞ்சம், படிப்படியாக நின்று நின்று மேலே வரும் நேரமோ அதைப்போலப் பல மடங்கு. இந்தப் பயிற்சியை நான் முடித்ததே ரிபல்ஸைப் பார்ப்பதற்காகத்தான். ஒருக்களித்துக் கிடக்கும் அந்த இரும்பு உடம்பின் மேல் கிழிந்த மீன்வலைகள், அவற்றுக்குள் வௌவால் மீன் கூட்டம். துரு சுரண்டுகிற வீட்டுப் பிள்ளை என்பதால் கைவிளக்கு வெளிச்சத்தில் தகட்டு விளிம்புகளைத்தான் அதிகம் பார்த்தேன். கடல் அரித்த இரும்பு மெல்ல மெலிந்து ஓரத்தில் பொடியும். அங்கே பல இடங்களில் விளிம்பு புதிதாகக் கிழிந்து, வெளிப்பக்கம் மடிந்து நின்றது. வெடி வைத்துப் பிளந்தால்தான் அப்படி ஆகும்.

வைத்தவர்கள் இரும்புத் திருடர்கள். வெண்கலப் புரொப்பெல்லருக்கு நல்ல விலை. முதலில் அவைதான் களவுபோயின. பிறகு மேலோட்டுத் தகடுகள். பிரிட்டன் 2001-இல் இரண்டு கப்பல்களையும் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவித்தது. அந்தச் சட்டம் பிரிட்டிஷ் குடிமக்களைத்தான் கட்டும், வெளிநாட்டுக் கிரேன் படகை என்ன செய்யும்? திருட்டுக்குப் பயந்து 2002-இல் பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடு முக்குளிப்பாளர்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மணியை மேலே எடுத்தார்கள். அது லிவர்பூல் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2023 மே மாதம் சுவான் ஹோங் 68 என்ற சீனப் படகை மலேசியக் கடல்சார் அமலாக்க முகமை ஜோகூர் அருகே பிடித்தபோது அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன.

டச்சு நீர்மூழ்கிகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஓ-16 கிடக்கும் இடம் 1995-இல்தான் தெரியவந்தது. 2019-இல் போய்ப் பார்த்தபோது கே-17 ஏறக்குறைய முழுதாகக் காணோம். ஓ-16-இல் மிஞ்சியது சில துண்டுகள். டி வொல்ஃபின் தோழர்கள் படுத்திருந்த இடத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய இரும்பாக உருக்கி விற்றிருப்பார்கள். எலும்புகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. ஜாவாக் கடலில் 1942-இல் மூழ்கிய மூன்று டச்சுப் போர்க்கப்பல்களை 2000-களின் தொடக்கத்தில் எங்களைப் போன்ற பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். 2016-இல் போனபோது இரண்டு முழுதாகவே இல்லை, மூன்றாவதில் பெரும்பகுதி போயிருந்தது. ஒரு கப்பல் கிடக்கும் இடத்தை ஊரறியச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஓயவில்லை. சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. திருடனுக்கு இடம் ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது நமக்குத்தான்.

கடலடிப் பண்பாட்டுச் சொத்துகளுக்கான யுனெஸ்கோ உடன்படிக்கை நூறு ஆண்டுகள் நீரில் கிடந்தவற்றைத்தான் காக்கும். ரிபல்ஸுக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கும் அந்த நூறு 2041 டிசம்பர் 10 அன்றுதான் நிறையும். அதுவரை அங்கே கப்பல் என்று சொல்ல ஏதாவது மிஞ்ச வேண்டும்.

1941-இல் சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவே கடப்பிதழ் கேட்பார் யாருமில்லை. 1965-இல் நாடு பிரிந்து, 1967-இல்தான் சோதனை வந்தது. இன்று அந்தச் சோதனையைத் தாண்டிக்கொண்டு வாராவாரம் அந்தக் கடலுக்குப் போகிற சிங்கப்பூர்க்காரர்கள் நாம்தான். கடற்படையோ அருங்காட்சியகமோ எப்போதாவது எட்டிப்பார்க்கும். நமது படகுகள் மார்ச்சிலிருந்து அக்டோபர்வரை அங்கேயே இருக்கின்றன. ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பட்டியல் போடுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். புறப்படும் இரவே, மூழ்கும் ஆழமும் நீரோட்டமும் சொல்லும்போது டி வொல்ஃபின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கப்பலிலிருந்து ஒரு தோட்டாவைக்கூட நினைவுப்பொருளாக எடுத்து வரவிடாதீர்கள். எங்காவது நாலு நங்கூரம் போட்டு, கிரேன் தொங்கவிட்டு ஒரு படகு ஒரே இடத்தில் நிற்கக் கண்டால் நேரத்தையும் இடத்தையும் குறித்து, படம் எடுத்து, அன்றைக்கே மலேசியக் கடல்சார் அமலாக்க முகமைக்குத் தெரிவியுங்கள்.