சிறுநீர்த்தொற்று, பெண்களிடம்: மருந்து எதிர்ப்பு

பெண்களின் சிறுநீர்த்தாரை ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே என்பதால், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா எளிதாகச் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடும். நீர்க்கடுப்புக்கு முதலில் மோர், இளநீர். பிறகு கடையில் சீட்டில்லாமல் நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை. எரிச்சல் அடங்கியதும் மிச்சம் டப்பாவுக்குப் போய்விடும். தப்பிப் பிழைக்கும் கிருமிகளில் எதிர்ப்புத்திறன் உள்ளவை பெருகுகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் பல இடங்களில் நம்பத்தக்கதாக இல்லை. இக்கிருமிகள் சுரக்கும் இஎஸ்பிஎல் நொதிகள் செஃப்ட்ரியாக்சோனையும் சிதைக்கின்றன. பழைய நைட்ரோஃபியூரன்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் சிறுநீர்ப்பைத் தொற்றில் இன்னும் பெரிதும் கைகொடுக்கின்றன. சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு அவை போதா.

இன்னும் வலிய கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) நொதி, டெல்லியில் சிகிச்சை பெற்று 2008இல் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீர்க் கிருமியில்தான் முதலில் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட 2010 ஆய்வு அது சென்னையிலும் இருப்பதைக் காட்டியது. பெயரில் 'டெல்லி' இருப்பதைப் பற்றி எழுந்த கூச்சல், கிருமியைப் பற்றி எழவில்லை.

புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில் ஒரு மையம். மருந்து தொடங்குமுன் எடுக்கும் சிறுநீர் கல்ச்சரே எது வேலை செய்யும் என்று காட்டும். கர்ப்பிணிகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் இச்சோதனை தேவை. செஃப்ட்ரியாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் 2014 மார்ச் 1 முதல் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ளன. அவற்றைச் சீட்டின்றி விற்பது சட்டவிரோதம்.