ஐந்து விரலும் ஒரு கையும்

பழமொழிகள் மக்களின் அனுபவக் களஞ்சியம் என்று சொல்லி அமைதியடைவது நமது பண்டிதர் வழக்கம். எந்த மக்களின், எந்த அனுபவம் என்ற வினா அங்கு எழுவதில்லை. ஒரே பழமொழி கூலி கொடுப்பவன் வாயில் ஒரு பொருளையும், கூலி வாங்குபவன் வாயில் வேறொரு பொருளையும் பெறுகின்றது. கையைப் பற்றிய பழமொழிகளில் இம்முரண்பாடு வெளிப்படையாகத் தெரியும். உழைப்பவனிடம் உள்ள ஒரே முதல் அவன் கைதானே!

“கை காய்த்தால் கமுகு காய்க்கும்” என்பர். ‘காய்த்தல்’ என்னும் ஒரு சொல் இங்கே இருமுறை உழைக்கின்றது. நீர் இறைத்து இறைத்து உள்ளங்கை தடித்துக் காய்த்தாலன்றிக் கமுகு குலை தள்ளாது. உழைப்பே செல்வத்தின் மூலம் என்ற உண்மையைப் பொருளியல் நூல்கள் எதையும் கல்லாத ஓர் உழவன் நான்கு சொற்களில் கூறிவிட்டான். ஆனால் காய்த்த கை யாருடையது, காய்த்த கமுகு யாருடையது என்பதைப் பழமொழி சொல்லாது விட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நிலமற்ற சாதியினரின் கைகளே பெரும்பாலும் காய்த்தன. குலையோ நிலமுடையோன் வீட்டுக்குப் போயிற்று.

பாதிரியார் பேர்சிவல் 1840களில் யாழ்ப்பாணத்திலே தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றினார். 1874இல் சென்னையில் வெளிவந்த விரிந்த பதிப்பில் அவை ஆறாயிரத்தைக் கடந்தன. அரிய பணி, ஐயமில்லை. ஆயினும் யார், யாரிடம், எவ்வேளையிற் சொன்னார் என்பதை இத்தகைய தொகுப்புகளிற் காண்பது அரிது. “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று தாய் சொல்வது வேறு. பிரம்பு ஏந்திய கங்காணி சொல்வது வேறு. அச்சில் இரண்டும் ஒரே வரி.

“ஐந்து விரலும் ஒன்றுபோல் இருக்குமா?” என்பதோ ஏற்றத்தாழ்வுக்கு இயற்கையையே சாட்சிக்கு அழைக்கும் பழமொழி. விரல்கள் நீளத்தில் வேறுபடுவது உண்மை. ஆனால் பெருவிரல் சோற்றை உண்ண, சிறுவிரல் பட்டினி கிடக்கும் கையை எவரும் கண்டதில்லை.

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களின் பழமொழிகளைச் சினுவா அச்சிபேயின் நாவல் 1958இல் உலகறியச் செய்தது. கையைக் கழுவிய சிறுவன் பெரியோருடன் அமர்ந்து உண்ணலாம் என்பது அவர்களது வாக்கு. பெரும்பாலும் மன்னர் இன்றி ஊர்ச்சபைகளால் வாழ்ந்த அச்சமுதாயத்தில், தகுதி முயற்சியாலும் வருவது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. வலக்கையின் முயற்சிக்கு ‘இக்கெங்கா’ என்னும் மரச்சிலை செதுக்கி வழிபட்டனர். எனினும் வலக்கை மட்டும் போதும் என அவர்கள் கருதவில்லை. வலக்கை இடக்கையைக் கழுவும், இடக்கை வலக்கையைக் கழுவும் என்றும் கூறினர். நாமோ சோழர் காலம் தொட்டு வலங்கை, இடங்கை என்று சாதிகளையே இரு கைகளாகப் பிரித்து மோதவிட்டோம். அந்தப் பகை 1652இலும் 1707இலும் சென்னைப் பட்டினத்து வீதிகளைக் கலக்கியது.

கொழும்பிலும் அப்பிரிவினை வேறு பெயரில் நுழைந்தது. 1927இல் கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திலே தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்தியரும் சிங்களவரும் ஒருங்கே நின்றனர். தலைமை தாங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. “ஒரு கை தட்டினால் ஓசை எழாது” என்பதற்கு அதைவிட நல்ல உரை வேண்டியதில்லை. ஆனால் பொருளாதார மந்தம் வந்தது, வேலை அருகியது. அதே குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார்.

1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் வேலைநிறுத்தம் மூண்டது. அங்கு ஏறத்தாழ 1,400 தொழிலாளர். மூன்றில் இரு பங்கினர் இந்திய வம்சாவளியினர், எஞ்சியோரிற் பெரும்பாலோர் சிங்களவர். தென் கொழும்பு வாலிபர் சங்கத்தாரும் கொல்வின் ஆர். டி சில்வாவும் தொழிலாளர் பக்கம் நின்றனர். குணசிங்கவோ கருங்காலிகளை அனுப்பினார். விரல்கள் ஒன்றல்ல என்ற பழைய வாதம் இம்முறை இனத்தின் பெயரால், அதுவும் ஒரு தொழிற்சங்கத் தலைவரின் வழியாக வந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். முதலாளிக்கு அந்த வேலையும் மிச்சமாயிற்று!

அன்று முன்னின்ற வாலிபர்களிற் பலர் 1935 டிசம்பர் 18இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் துணிந்து எதிர்த்த கட்சி அது. பத்தாண்டு கழிந்தது. தமிழ் மொழிக்குச் சிறிது இடமளித்த ஒழுங்குவிதிகளை எதிர்த்து 1966 ஜனவரி 8இல் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் அக்கட்சியும் நடந்தது. வெள்ளவத்தை ஆலை இன்று இல்லை. அது நின்ற நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன.