இணை உணவும் கைக்குழந்தைப் பராமரிப்பும்

இணை உணவு என்பது ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் சேர்த்து ஊட்டப்படும் கெட்டியான உணவு. துணை உணவு, திட உணவு என்றும் இதைச் சொல்வதுண்டு. ஏழாம் மாதம் தொடங்கி இரண்டு வயது வரையிலான இந்தக் காலத்தில் குழந்தை பாலிலிருந்து படிப்படியாக வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்து சேர்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவு, கூடவே இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இந்தியாவில் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 26 வாரம். பேறுகாலத்துக்கு முன்பே அதில் சில வாரங்கள் போய்விட்டால், குழந்தை முதல் கவளம் உண்பதற்குள் தாய் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே என்ன ஊட்டுவது, யார் ஊட்டுவது என்னும் இரண்டையும் வேலைக்குச் செல்லும் பெற்றோர் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் ஏன்?

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை தாயின் வயிற்றிலேயே இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டினால் இந்தச் சேமிப்பு கூடும். ஆறு மாதத்தை ஒட்டி அது தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும் என்றாலும், அதன் அளவு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. துத்தநாகமும் இக்காலத்தில் பற்றாக்குறையாகிறது. வளரும் மூளைக்கு இவை இரண்டும் தேவை.

ஆற்றல் தேவையும் கூடுகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ கலோரி, 9 முதல் 11 மாதம் வரை 300, ஒரு வயதுக்கு மேல் 550 கிலோ கலோரி உணவிலிருந்து கிடைக்க வேண்டும்.

மிக முன்பே தொடங்கினால் தாய்ப்பால் குறைந்து, வயிற்றுப்போக்கும் பிற தொற்றுகளும் வர வாய்ப்பு கூடும். தாமதித்தால் எடை ஏறாது, இரத்தசோகை வரும். பத்து மாதம் வரை கட்டியுள்ள உணவே தராமல் கூழாகவே கொடுத்துவந்த குழந்தைகள் பின்னர் மென்று தின்னத் தயங்குவதும் உண்டு.

வயதோடு குழந்தையின் உடலையும் பார்க்க வேண்டும். தலை நிமிர்ந்து நிற்கும், பிடித்துக்கொண்டால் உட்காரும், பிறர் உண்பதைக் கண்டு கை நீட்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாது. இவை தயாராகிவிட்டதன் அடையாளங்கள். குறைமாதக் குழந்தைக்கு எப்போது தொடங்குவது என்பதைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அளவும் பதமும்

முதல் நாட்களில் இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை நன்றாக மசித்த உணவு கொடுத்து, அளவை மெல்ல அரைக் கிண்ணத்துக்குக் கொண்டுவரலாம். இங்கே கிண்ணம் என்பது 250 மில்லி கொள்வது. ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை அரைக் கிண்ணம், ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டி சேரலாம்.

நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், வளர்ச்சிக்கு உதவாது. கைக்குழந்தையின் இரைப்பை சிறியது. அதில் போவது கெட்டியாகவும் சத்தாகவும் இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் ஒட்டி நிற்பதே சரியான பதம். எட்டாம் மாதத்தில் கையில் பிடித்துத் தின்னும்படி மென்மையான இட்லித் துண்டு, வேகவைத்த காரட், பழுத்த வாழைப்பழம் தரலாம். ஒரு வயதில் காரம், உப்பு குறைத்த வீட்டுச் சாப்பாட்டையே கொடுத்துவிடலாம்.

உணவின் வகைகளை எட்டாகப் பிரிக்கிறார்கள்: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டைகளும், பாலும் தயிரும், மீனும் இறைச்சியும், முட்டை, வைட்டமின் ஏ நிறைந்த காய்கனி, பிற காய்கனி. இவற்றில் குறைந்தது ஐந்து வகை தினமும் கிடைத்தால்தான் குறைந்தபட்ச உணவுப் பன்மை எட்டியதாகக் கணக்கு.

தமிழ்நாட்டு வழக்கங்கள்

முதல் சோறு ஊட்டுவதைச் சடங்காகச் செய்யும் குடும்பங்கள் கோயிலில் வைத்து அன்னப்பிராசனம் நடத்துகின்றன. தமிழ்நாட்டிலிருந்து குருவாயூர் சென்று ஊட்டுவோரும் பலர். ஆறாம் மாதத்தையொட்டி இச்சடங்கை வைப்பது இன்றைய மருத்துவப் பரிந்துரையோடு ஒத்துப்போகிறது.

முளைகட்டிய கேழ்வரகை அரைத்துத் துணியில் வடிகட்டி எடுத்த பாலில் காய்ச்சும் கஞ்சி, பலரது வீட்டில் முதல் உணவு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. முளைகட்டும்போது தானியத்தில் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைப்பதால், அதிக மாவு சேர்த்தும் கஞ்சி இறுகாமல் இருக்கும். இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் குறையும். குமரி மாவட்டத்தில் ஏத்தங்காயை உலர்த்திப் பொடித்துக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள்.

கேழ்வரகோ அரிசியோ மட்டும் போதாது. குழைய வேகவைத்த அரிசியும் பாசிப்பருப்பும் சிறிது நெய்யும் சேர்ந்த பருப்புச் சாதம், புரதமும் ஆற்றலும் ஒருங்கே தரும் எளிய உணவு. அதில் முருங்கைக்கீரையோ பரங்கிக்காயோ மசித்துச் சேர்த்தால் வைட்டமின் ஏ கிடைக்கும். இரும்புக்கு மிகச் சிறந்தவை ஆட்டீரல், இறைச்சி, மீன். முள் நீக்கிய மீனும் நன்கு வெந்த முட்டையும் ஆறு மாதம் முடிந்ததுமே தரலாம். சைவ வீடுகளில் பருப்பு, பயறு, கீரையோடு தக்காளி, எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்க்க வேண்டும். அவற்றின் வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும்.

ஒவ்வாமைக்குப் பயந்து முட்டை, நிலக்கடலை போன்றவற்றைத் தள்ளிப்போடுவது முன்பு வழக்கமாக இருந்தது. 2015இல் வெளியான லீப் ஆய்வு, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே நிலக்கடலை கொடுத்துவந்தால் நிலக்கடலை ஒவ்வாமை பெருமளவு குறைவதைக் காட்டியது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. கடலையை முழுதாகத் தராமல், நைசாக அரைத்துக் கஞ்சியில் கலக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

தேனை ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். பிறந்ததும் தேனோ சீனித் தண்ணீரோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கத்தை மருத்துவர்கள் கைவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வசம்பு, மாசிக்காய் போன்றவற்றை உரசி ஊற்றும் உரை மருந்துக்கும் அளவு கிடையாது, சுத்தம் உறுதியில்லை. அதுவும் வேண்டாம்.

பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஒரு வயதுக்குள் முதன்மைப் பானமாக்கினால் இரத்தசோகை வரும் வாய்ப்பு கூடும். உணவில் சேரும் தயிரால் கேடில்லை. சர்க்கரை, உப்பு, பழச்சாறு, பிஸ்கட், தேநீர் ஆகியவை குழந்தையின் பசியைக் கெடுப்பவை. முழுக் கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, விதையுள்ள பழம் ஆகியவை மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். அடைத்துக்கொண்ட குழந்தை அழவும் இருமவும் முடியாமல் திணறும். குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, மல்லாக்கப் போட்டு மார்பின் நடுவில் ஐந்து அழுத்து என மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் எவராயினும் இந்த முதலுதவியைக் கற்றிருக்க வேண்டும்.

ஊட்டும் முறை

குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசியபடி, சிறு சிறு கவளமாக ஊட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினால் போதும் என்று பொருள். மூக்கைப் பிடித்துத் திணிப்பதும், கைப்பேசியைக் காட்டி மயக்கி ஊட்டுவதும் தன் பசியைத் தானே அறியும் இயல்பைக் குழந்தையிடமிருந்து பறிக்கின்றன. ஒருமுறை துப்பிய உணவைக் குழந்தைக்குப் பிடிக்காததென்று ஒதுக்கிவிடக் கூடாது. பலமுறை வாயில் பட்டபின்தான் புதுச்சுவை பழகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வயிற்றுப்போக்கின்போது பாலையும் உணவையும் நிறுத்தாமல், உப்புச் சர்க்கரைக் கரைசலும், மருத்துவர் சொல்படி 14 நாள் துத்தநாகமும் தர வேண்டும்.

திட்டங்களும் சட்டங்களும்

உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டது. எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துருண்டை கொடுத்து, தாய்க்கும் வழிகாட்டியது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் அங்கன்வாடிகள் இன்று இந்தப் பணியைச் செய்கின்றன. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகச் சத்துமாவு வீட்டுக்கே கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை நாளுக்கு 500 கிலோ கலோரி துணை ஊட்டத்தை உரிமையாக்கியது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ, ஆறாம் மாதத்திலிருந்து வாரம் இருமுறை இரும்புச்சத்து மருந்து ஆகியவையும் அரசு வழங்குபவை.

இலங்கையில் 1973இல் தொடங்கிய திரிபோஷ, சோளமும் சோயாவும் கலந்த சத்துமா. எடை குறைந்த குழந்தைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் அது வழங்கப்படுகிறது. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளை மடுவம்.

இந்தியாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டப்பா உணவுகளையும் பால்மாவையும் பால்புட்டிகளையும் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியதுடன், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு மட்டும் 2021 ஜூலை முதல் விடுப்பு ஓராண்டு.

பராமரிப்பைத் தேர்ந்தெடுத்தல்

பாட்டி, தாத்தா அல்லது நெருங்கிய உறவினர், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆயா, காப்பகம் என மூன்று வழிகள் உள்ளன. ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பகல் காப்பகங்கள் இயங்குகின்றன. உறவினர் வீடாயினும் தனியார் காப்பகமாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை.

முதலில் கை எண்ணிக்கை. நடக்கத் தொடங்காத குழந்தைகள் ஐந்தாறு பேரை ஒருவரே பார்க்கும் இடத்தில் பொறுமையாக ஊட்ட நேரம் இருக்காது. அடுத்தது சாப்பாட்டு வேளை. பெற்றோர் அந்த நேரத்தில் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே கரண்டியால் எல்லோருக்கும் ஊட்டுகிறார்களா, தொலைக்காட்சி ஓடுகிறதா, துணி மாற்றியபின் கை கழுவுகிறார்களா என்பவை அங்கே நின்றால்தான் தெரியும். உள்ளே பார்க்க அனுமதி மறுக்கும் காப்பகத்தை ஒதுக்கிவிடலாம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கவைப்பது, காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது, உண்டதையும் உறங்கியதையும் எழுதிவைப்பது ஆகியவற்றையும் பேசிக்கொள்ள வேண்டும்.

தாய் பீய்ச்சி எடுத்து வைத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை வைக்கலாம். 25 டிகிரி வெப்பத்தில் அது நான்கு மணி நேரம் தாங்கும். நம் கோடையில் அந்த வெப்பநிலையை எதிர்பார்க்க முடியாது என்பதால், எடுத்தவுடன் குளிரில் வைப்பதே முறை. ஊட்டுவதற்குப் புட்டியைவிடப் பாலாடையோ சிறு கிண்ணமோ கழுவ எளிது. புதிய உணவு எதையும் முதன்முதலில் வீட்டில் பகலில் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்த பின்பே காப்பகத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். புது இடமும் புது உணவும் ஒரே வாரத்தில் வந்தால் குழந்தை உண்ண மறுக்கும். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாக விட்டுப் பழக்குவது நலம்.

இன்றைய நிலை

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெற்றோர் 11 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வருக்கு ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது.

பருப்பும் முட்டையும் கீரையும் வாங்க இயலாத வறுமை இதற்கு ஒரு காரணம். ஆனால் அவற்றை வாங்கிவிடும் வீடுகளிலும், உட்கார்ந்து ஊட்ட ஆள் இல்லாமையும், தண்ணீராய்க் கரைத்த கஞ்சியே போதும் என்ற எண்ணமும் குழந்தையைப் பசியில் வைக்கின்றன. ஊட்டும் வேலை தாய்க்கும் பாட்டிக்கும் மட்டும் உரியதல்ல. தந்தை கரண்டியை எடுக்க வேண்டும், நிறுவனங்கள் சட்டம் சொல்லும் காப்பகத்தை நடத்த வேண்டும், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் தாய்மாருக்கு அருகிலேயே காப்பகம் வேண்டும். முதல் இரண்டு ஆண்டில் குன்றிய வளர்ச்சியைப் பின்னாளில் முழுமையாக மீட்பது கடினம்.