நகரில் ஒரு புதிய ஆலயம்: எங்கிருந்து தொடங்குவது?



பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய நகர்ப்புறப் பங்கு ஒன்றில் புதிய ஆலயம் கட்டுவது பற்றிப் பேச முதல் கூட்டம் கூடியது. வாடகை மண்டபத்தில் ஞாயிறு திருப்பலி நடந்து வந்த காலம் அது. பொறியாளர் கொண்டுவந்த வரைபடம் மேசைமேல் விரிக்கப்பட்டது. கோபுரம் எத்தனை அடி, மணி எங்கே, முகப்பில் யாருடைய சுரூபம் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். நானும் ஆர்வத்தோடுதான் பேசினேன். கடைசி வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் எழுந்து, "சாமி, கோவிலுக்கு எத்தனை படி?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் எண்ணிப் பார்த்தோம். 11 படிகள். "அப்போ நான் வெளியில நின்னுதான் பூசை பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தீராத முழங்கால் வலி.

அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. நகரங்கள் விரிவடையும்போது புதிய குடியிருப்புகள் தோன்றுகின்றன; அங்கே புதிய ஆலயங்களும் தேவைப்படுகின்றன. அவற்றை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் திருச்சபையின் சட்டமும் வரலாறும் நமக்குத் தெளிவாகவே கற்பிக்கின்றன. அவற்றைச் சற்று சிந்திப்போம்.

ஆலயம் என்பது என்ன?

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஆலயம் என்பதை இறைவழிபாட்டிற்கென ஒதுக்கப்பட்ட புனிதக் கட்டடம் என்று விளக்குகிறது (எண் 1214). அதோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கே வழிபட வந்துசேர நம்பிக்கையாளர்களுக்கு உரிமை உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. 'உரிமை' என்ற சொல்லைக் கவனியுங்கள். நுழைய முடியாத ஆலயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் குறையுள்ளதே. நாம் ஒவ்வொருவரும் உயிருள்ள கற்களாக இருந்து ஆவிக்குரிய இல்லமாகக் கட்டப்பட வேண்டும் என்பது புனித பேதுருவின் போதனை (1 பேதுரு 2:5). கல்லால் ஆன கோவில் இந்த உயிருள்ள கோவிலுக்குப் பணிவிடை செய்வதற்காகவே இருக்கிறது.

தொடக்கத் திருச்சபை இதை நன்கு உணர்ந்திருந்தது. இன்றைய சிரியா நாட்டில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் துரா எவுரோப்பஸ் என்னும் பழைய நகரம் உண்டு. அங்கே மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவ வழிபாட்டு இல்லம் ஒன்று அகழாய்வில் கண்டெடுக்கப்பட்டது. நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழமையான ஆலயங்களில் அது ஒன்று. சாதாரண நகர வீடுதான். அங்கிருந்த கிறிஸ்தவர்கள் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு எல்லாரும் ஒன்றாகக் கூட ஒரே கூடமாக்கினர். வேறோர் அறையைத் திருமுழுக்கு அறையாக்கி, அதன் சுவரில் நல்லாயனின் ஓவியத்தைத் தீட்டினர். கூடுவதற்கு இடம், புதிய பிள்ளைகளைப் பெற்றெடுக்கத் திருமுழுக்குத் தொட்டி. அவர்கள் முதலில் தேடியவை இவைதாம்.

ஆலயம் இல்லாத நகரம்

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகருக்கு அருகே 1949ஆம் ஆண்டில் நோவா ஹூட்டா என்னும் புதிய நகரத்தைப் பொதுவுடைமை அரசு கட்டத் தொடங்கியது. மாபெரும் எஃகு ஆலையின் தொழிலாளர்களுக்காக அந்நகரம் திட்டமிடப்பட்டது. அகன்ற சாலைகள், குடியிருப்புகள், பள்ளிகள் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. ஆலயம் மட்டும் இல்லை. இறைவன் இல்லாமலே ஒரு மாதிரி நகரத்தை உருவாக்க முடியும் என்று காட்டுவதே நோக்கம். ஆனால் அங்கே குடியேறியவர்களோ கிராமங்களிலிருந்து செபமாலையோடு வந்தவர்கள்.

1956இல் ஏற்பட்ட அரசியல் மாற்றத்தால் ஓரளவு தளர்வு கிடைத்தது. ஆலயத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1957இல் அங்கே மரச்சிலுவை நடப்பட்டது. பின்னர் அரசு மனம் மாறி, அந்த இடத்தில் பள்ளி கட்டுவதாக அறிவித்தது. 1960 ஏப்ரல் 27 அன்று சிலுவையை அகற்றப் பணியாளர்கள் வந்தபோது, அப்பகுதிப் பெண்கள் ஓடிவந்து தடுத்தனர். மாலையில் அது பெரும் மோதலாக மாறியது. பலர் காயமுற்றனர்; நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். ஆனால் சிலுவை அங்கேயே நின்றது.

ஆலயம் கட்ட விடவில்லை; ஆனால் கூடுவதை யாராலும் தடுக்க முடியவில்லை. அந்நகரின் பியென்சீட்சே பகுதியில் சிறு சிற்றாலயத்தைச் சுற்றித் திறந்த வெளியிலேயே மக்கள் திருப்பலியில் பங்கேற்றனர். 1959 முதல் கிறிஸ்துமஸ் நள்ளிரவில், கொட்டும் பனியில், அவர்களோடு நின்று திருப்பலி நிறைவேற்றியவர் கிராக்கோவின் துணை ஆயர் கரோல் வொய்த்திவா. ஆம், பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல்.

1967 அக்டோபரில்தான் கட்டட அனுமதி கிடைத்தது. கர்தினாலாகியிருந்த வொய்த்திவா உடனே வந்து மண்வெட்டும் பணியைத் தொடங்கிவைத்தார். 1969 மே 18 அன்று, திருத்தந்தை ஆறாம் பவுல் உரோமை புனித பேதுரு பேராலயத்திலிருந்து அளித்த கல் அடிக்கல்லாக வைக்கப்பட்டது. தன்னார்வலர்களின் கை உழைப்பில் கட்டடம் மெல்ல மெல்ல எழுந்தது. வெளிச்சுவரைப் போர்த்த ஏறத்தாழ 20 இலட்சம் ஆற்றுக் கூழாங்கற்களை மக்கள் சேர்த்தனர். கட்டடக் கலைஞர் வொய்ச்செக் பியேட்சிக் அதை நோவாவின் பேழை போல வடிவமைத்தார். 'ஆண்டவரின் பேழை' என்றே அது இன்றும் அழைக்கப்படுகிறது. 1977 மே 15 அன்று அதே கர்தினால் அதை இறைவனுக்கு நேர்ந்தளித்தார்.

சிலுவை நடப்பட்ட நாளிலிருந்து 20 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளை வீணாய்ப் போன காலம் என்று சொல்ல முடியுமா? கட்டடம் வருமுன்பே அங்கே பங்கு உருவாகிவிட்டது. பனியில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்ற அந்த மக்கள்தாம் முதல் ஆலயம். நம்மில் பலருக்கோ இதற்கு மாறான சோதனை உண்டு. அனுமதியும் பணமும் கிடைத்து, கட்டடம் விரைவாக எழுந்துவிடும்; உள்ளே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாத கூட்டம் இருக்கும்.

ஆயரின் ஒப்புதல்

மறைமாவட்ட ஆயரின் எழுத்து வடிவிலான வெளிப்படையான ஒப்புதல் இன்றி எந்த ஆலயமும் கட்டப்படலாகாது (எண் 1215). ஒப்புதல் தருமுன் ஆயர் குருக்கள் மன்றத்தையும் அருகிலுள்ள ஆலயங்களின் பொறுப்பாளர்களையும் கேட்க வேண்டும். அந்த ஆலயம் ஆன்மாக்களின் நலனுக்கு உதவுமா, கட்டுவதற்கும் வழிபாட்டுக்கும் தேவையான வசதி இருக்குமா என்ற இரண்டையும் அவர் தீர்மானிக்க வேண்டும். அருகிலுள்ள பங்குகளை ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் வினவலாம். புதிய ஆலயம் பக்கத்துப் பங்கோடு போட்டிபோட எழுவதன்று. இருவரும் ஒரே மந்தையின் மேய்ப்பர்கள். புதிய பங்கை ஏற்படுத்துவதும் ஆயருக்கு மட்டுமே உரியது. அதற்கும் அவர் குருக்கள் மன்றத்தைக் கேட்க வேண்டும் (எண் 515).

ஆகவே, ஒரு பகுதியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருகும்போது நாம் செய்ய வேண்டிய முதல் வேலை நிலம் தேடுவது அன்று. வீடுவீடாகச் சென்று சந்திப்பது, எத்தனை குடும்பங்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை முதியோர், எத்தனை பேர் வாடகை வீட்டினர் என்று அறிவது, அன்பியங்களைத் தொடங்குவது. இவை கையில் இருந்தால்தான் ஆயரிடம் பொறுப்போடு பேச முடியும்.

நிலமும் அயலாரும்

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரைக் கொண்டு சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அரசின் உரிய அனுமதிகளைப் பெறாமல் அடித்தளம் தோண்டக் கூடாது. 'கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது நம்பிக்கை ஆகாது. கோபுரம் கட்ட எண்ணுபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டாரா என்று ஆண்டவர் கேட்டதை மறக்கலாகாது (லூக்கா 14:28-30).

நகரத்தில் நம் சுவரை ஒட்டியே பிற சமயத்தவரின் வீடு இருக்கும். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கும், திருவிழா நாளில் வண்டிகள் எங்கே நிற்கும், மழைநீர் யார் வாசலில் வடியும் என்பவற்றை அவர்களோடு முன்கூட்டியே பேசுவது நற்செய்திப் பணியே. அவர்கள் நம் முதல் மறையுரையை நம் கட்டட வேலையிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

பீடத்திலிருந்து வரைபடம்

ஆலயம் கட்டும்போது வல்லுநர்களின் ஆலோசனையோடு திருவழிபாட்டு நெறிகளும் புனிதக் கலையின் நெறிகளும் கடைப்பிடிக்கப்பட வேண்டும் (எண் 1216). 1963இல் வெளியான திருவழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கொள்கைத்திரட்டு, வெறும் ஆடம்பரத்தைவிட உன்னதமான அழகையே நாட வேண்டும் என்றும், மக்கள் முழுமையாகப் பங்கேற்க ஏற்றவாறு ஆலயங்கள் அமைய வேண்டும் என்றும் கற்பிக்கிறது.

திருப்பலி நூலின் பொதுப் போதனை நடைமுறையைத் தெளிவுபடுத்துகிறது. புதிய ஆலயத்தில் ஒரே பீடம் இருப்பது சிறந்தது. அது ஒரே கிறிஸ்துவைக் குறிக்கிறது. சுற்றிவர முடியும்படி அது சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும். இறைவார்த்தைக்கு நிலையான வாசக மேடை வேண்டும். நற்கருணைப் பேழை செபிக்க ஏற்ற, சிறப்பான, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். பாடகர் குழு கூடியிருக்கும் மக்களில் ஒரு பகுதியே என்பது விளங்கும்படி அமர வேண்டும். சுரூபங்களின் எண்ணிக்கை அளவின்றிப் பெருகக் கூடாது. ஒரே புனிதருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

எனவே பொறியாளரிடம் 'முகப்பு எப்படி?' என்று தொடங்காமல், 'பீடம் எங்கே? கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது தெரியுமா? சக்கர நாற்காலியில் வருபவர் நற்கருணை வாங்க எந்த வழியாக வருவார்?' என்று தொடங்குவோம்.

பணமும் பெயர்ப்பலகையும்

ஆலயம் கட்டும் காலத்தில் பல பங்குகளில் மனத்தாங்கல் வருவது பணத்தால்தான். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது சட்டம் (எண் 537). ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் (எண் 1267). கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பங்கில் வதந்திகள் குறைவு என்பது என் அனுபவம்.

'பெரிய தொகை தந்தவருக்கு முன்வரிசை' என்ற பேச்சு எழுந்தால், பொதுப் போதனையின் 311ஆம் எண்ணை நினைவூட்டலாம்: தனி நபர்களுக்கு இருக்கை ஒதுக்கும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. நோவா ஹூட்டாவின் 20 இலட்சம் கூழாங்கற்களில் எது யாருடையது என்று எவரால் சொல்ல முடியும்?

நேர்ந்தளிப்பு

கட்டி முடிந்ததும் ஆலயம் கூடிய விரைவில் நேர்ந்தளிக்கப்பட வேண்டும். பங்கு ஆலயங்களுக்கு இதைச் சிறப்புச் சடங்கோடு செய்ய வேண்டும் (எண் 1217). ஆலயத்துக்கு இடப்படும் பெயரை நேர்ந்தளிப்புக்குப் பின் மாற்ற இயலாது (எண் 1218). அன்று ஆயர் முதலில் நீரை ஆசீர்வதித்து மக்கள்மீது தெளிக்கிறார். அதன் பிறகே சுவர்களும் பீடமும் தெளிக்கப்படுகின்றன. பின்னர் பீடத்திலும், சுவரில் 12 அல்லது 4 இடங்களிலும் கிறிஸ்மா தைலம் பூசப்படுகிறது. நம் திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் நம்மீது பூசப்பட்ட அதே தைலம்! மக்களுக்கு நிகழ்ந்ததே பிறகு கட்டடத்துக்கும் நிகழ்கிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மக்கள், பிறகு சுவர்கள்.

1979 ஜூன் மாதத்தில் திருத்தந்தையாகத் தாயகம் வந்த இரண்டாம் யோவான் பவுல், நோவா ஹூட்டாவின் பேழை ஆலயத்துக்குச் செல்ல அரசு இசையவில்லை. அருகிலுள்ள மொகிவா துறவு மடத்தில்தான் திருப்பலி நிறைவேற்றினார். அங்கே, எளிய சிலுவை நடப்பட்ட இடத்தை நினைவுகூர்ந்து, 'புதிய நற்செய்தி அறிவிப்பு' என்ற சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார். 2014ஆம் ஆண்டு அவர் புனிதராக உயர்த்தப்பட்ட நாளும் ஓர் ஏப்ரல் 27 தான்.

எங்கள் பங்கிலோ வரைபடம் மாற்றப்பட்டது. கோபுரத்தின் உயரம் குறைந்தது. தரைமட்டம் தாழ்ந்து பக்கவாட்டில் சாய்தளம் வந்தது. கேள்வி கேட்ட அந்த அம்மா ஆலயம் முடியும் முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார். நேர்ந்தளிப்பு நாளில் அந்தச் சாய்தளத்தின் வழியே, கைத்தடி ஊன்றியும் பேரப்பிள்ளைகளின் தோளைப் பிடித்தும் முதியவர்கள் உள்ளே வந்ததைக் கண்டபோது, அவர் பெயரைத்தான் மனத்தில் சொல்லிக்கொண்டேன்.

உங்கள் பகுதியிலும் புதிய ஆலயம் பற்றிய பேச்சு இருந்தால், அடுத்த கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவரை முதலில் பேசச் சொல்லுங்கள். ஆண்டவர் கட்டாத வீட்டில் நம் உழைப்பு வீண். அவர் கட்டும் வீட்டில் எல்லாருக்கும் இடமுண்டு. அத்தகைய வீட்டைக் கட்டும் கைகளாக இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக.