சரந்தீபுக்குச் சென்ற வழி

அரபு மாலுமிகள் சரந்தீப் என்றழைத்த தீவே இலங்கை. இன்று நாம் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பை அடைகிறோம். 1964 டிசம்பர்ப் புயல் வரை நம் முன்னோர் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னார் சென்றனர்.

1344இல் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் சென்ற வழி வேறு. மாலத்தீவில் காழியாக இருந்துவிட்டு, மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரைக்குப் புறப்பட்டார்கள். மூன்று நாள் பயணம்தான். மாலுமிக்கு வழி தெரியாமல் ஒன்பதாம் நாள் இலங்கையில் கரை சேர்ந்தார்கள்.

புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி உபசரித்தார். ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு எனப்படும் இடத்தைக் காண்பது ஒன்றே தம் விருப்பம் என்றார்கள் இப்னு பதூதா. முஸ்லிமல்லாத அம்மன்னர் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகியரையும் மூன்று பிராமணரையும் வேறு பலரையும் துணைக்கு அனுப்பினார். இச்செய்தியை நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

மலையின் உயரம் 2,243 மீட்டர். பாறையில் பொருத்திய சங்கிலிகளைப் பற்றியே ஏற வேண்டியிருந்தது. பாபா வழி, மாமா வழி என இரு பாதைகள். ஆதம், ஹவ்வா (அலை) இருவரையும் குறித்த பெயர்கள். தமிழ் முஸ்லிம்கள் இதைப் பாவாத மலை என்பர். எனினும் ஆதம் (அலை) இறங்கிய இடம் எதையும் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பிறகு மஅபர் நோக்கி வந்த கப்பல் கரைக்கு அருகே உடைந்தது. உயிர்தப்பியவர்களுக்கு அடைக்கலம் தந்தவர் மதுரை சுல்தான் கியாஸுத்தீன்; இப்னு பதூதாவுக்குச் சகலை.