சொரியாசிஸும் டாக்டர் சாண்டி கண்ட வாசலும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ஜார்ஜ் சாண்டி, பின்னாளில் ஜோகூருக்கு அக்கரையில், சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர்.

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை ‘டி’ உயிரணு. அதன் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாசல் இருப்பதை 1984இல் டிகோர்சி, கஹாலன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எடுத்துக்காட்டினார். பொட்டாசியம் வெளியே போனால்தான் கால்சியம் தொடர்ந்து உள்ளே வரும். கால்சியம் வந்தால்தான் உயிரணு சண்டைக்கு எழும்.

அந்தச் சண்டை சொந்த உடம்பின் மீதே திரும்பும்போது சொரியாசிஸ் போன்ற நோய்கள் வருகின்றன. அது தொற்றும் என்று பயந்து ஒதுங்குவோர் இன்றும் உண்டு, தொற்றாது.

எதிர்ப்புச் சக்தி முழுவதையும் முடக்காமல் அந்த வாசலை மட்டும் அடைக்க, கரீபியக் கடல் சாமந்தியின் நஞ்சைத் திருத்தி ‘டலசடைட்’ உருவாக்கப்பட்டது. சொரியாசிஸ் நோயாளிகளிடம் அதன் தொடக்கநிலைச் சோதனை நடந்துள்ளது.